வாய் திறக்க ஒரு பரிசு

“என் அப்பா பஸ் ஓட்டுகிறார் என்று நீ எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் நான் சம்மதம் சொல்வேன்.”

கண்ணாடியைப் பார்த்துத்தான் இதைச் சொன்னேன். ஈரானியக் கலியாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் அருகருகே உட்கார்ந்து, எதிரே வைத்திருக்கும் கண்ணாடியில்தான் ஒருவரையொருவர் பார்க்க வேண்டும். கண்ணாடிக்குள் இருந்த கியாரஷ் சிரிப்பை மாற்றாமல் உதட்டை மட்டும் அசைத்தான்.

“இப்பவா கோசி? ப்ளீஸ்.”

எங்கள் தலைக்கு மேலே ஒரு வெள்ளைத் துணியை நான்கு பெண்கள் விரித்துப் பிடித்திருந்தார்கள். ஒரு மூலை என் சித்தி மகள் மஹதியின் கையில். துணிக்கு மேலே கியாரஷின் தாய் ஃபரீபா இரண்டு சர்க்கரைக் கூம்புகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷமாகக் குடும்பம் நடத்தும் பெண்கள் மாறி மாறித் தேய்க்க வேண்டுமாம், வாழ்க்கை இனிக்குமாம். துணி மெல்லியது. எனக்கு வாழ்க்கை காதுக்குள்ளும் முதுகுக்குள்ளும் இறங்கிக்கொண்டிருந்தது.

இப்படி ஒன்றும் கேட்கக் கூடாது என்று அம்மா காலையிலேயே சொல்லியிருந்தார். தென் லண்டன் கோலியர்ஸ் வுட்டிலிருந்து ஃபிஞ்ச்லி மண்டபத்துக்கு அப்பாதான் காரை ஓட்டினார். நோர்த் சர்குலர் வீதியில் வாகனங்கள் அசையாமல் நின்ற இடத்தில் அவர் மெதுவாகத் தொடங்கினார்.

“பிள்ளை, தம்பியின்ரை வேலையிடத்துச் சிநேகிதர்மாரும் வருவினமோ?”

“வருவினம். ஏன்?”

“இல்லை, அண்டைக்கு அவங்களோடைதான் என்ரை பஸ்ஸிலை ஏறினவர். விம்பிள்டனிலை. நான் ‘ஹலோ தம்பி’ எண்டனான். அவர் கார்டைத் தட்டிப்போட்டு மேல்தட்டுக்குப் போயிட்டார். என்னைக் காணேல்லைப் போல.”

அப்பா ஐம்பத்தேழாம் நம்பர் பஸ் ஓட்டுகிறவர். டிரைவரின் முகத்துக்கும் கார்டு தட்டும் இடத்துக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. ஹலோ சொன்ன மாமனாரை அந்த இடைவெளியில் காணாமல் விடுவதற்குத் தனித் திறமை வேண்டும்.

“அவையள் என்னட்டை வேலையைப் பற்றிக் கேட்டால் ‘ட்ரெயினேஜ்’ எண்டு சொன்னால் காணுமே?” என்றார் அப்பா. “நீ ரெண்டு மூண்டு சொல்லுச் சொல்லித் தந்தாயெண்டால் சமாளிச்சுப்போடுவன்.”

கலியாணத்துக்கென்று வாங்கிய சாம்பல் நிற சூட்டோடு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, என் வேலையை எனக்கு முன்னால் மனப்பாடம் செய்ய அவர் தயாராக இருந்தார்.

“நீங்கள் ஏன் ட்ரெயினேஜ் எண்டு சொல்லோணும்?”

“அங்கை என்னை எஞ்சினியர் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருக்கினம்.”

அம்மா பின் சீட்டிலிருந்து என் தோளில் தட்டினார். “கோசிகா, அங்கை போய் உதைக் கிளறாதை. தாலி ஏறுமட்டும் மாப்பிள்ளையிட்டை உப்பிடியொண்டும் கேக்கிறேல்லை. கொப்பரே பேசாமல் இருக்கிறார், உனக்கென்ன வந்தது?”

“அவர் பேசாமல் இருக்கிறதுதான் எனக்கு வந்தது.”

“உன்னைப் படிப்பிச்சதுதான் நாங்கள் செய்த பிழை.”

இதை அம்மா வாரத்துக்கொரு முறை சொல்வார். பிறகு என் பட்டமளிப்புப் படத்தைத் துடைத்து வைப்பார்.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். எஞ்சினியர் என்றால் அதுவும் நான்தான். மழைத்தண்ணீர் வீதியில் நிற்காமல் எப்படி ஓட வேண்டும் என்று வரைந்து கொடுப்பது என் வேலை; அதுதான் ட்ரெயினேஜ். கியாரஷும் அதே கம்பெனி, வேறு கிளை. அவனை எனக்குப் பிடித்திருந்தது என்பது உண்மை. ஆனால் அவனுடைய வீட்டை அவனைவிடக் கூடப் பிடித்திருந்தது என்பதும் உண்மை.

அவனுடைய தகப்பன் ஜம்ஷித், ஈரானின் யஸ்த் நகரத்து எஞ்சினியர். பாலைவன ஓரம். அங்கே மலையடியில் ஒரு தாய்க்கிணறு தோண்டி, அதிலிருந்து நிலத்துக்குக் கீழே சுரங்கம் வெட்டித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவருவார்களாம், இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக. முதல் நாள் போனபோதே தேநீர்க் கோப்பைகளைத் தள்ளிவைத்துவிட்டு மேசை விரிப்பில் விரலால் கீறிக் காட்டினார். “சரிவு கூடினால் தண்ணீர் ஓடும், ஓடினால் சுரங்கத்தை அரிக்கும். தண்ணீர் நடக்க வேண்டும், கானும் மொஹந்தெஸ்.” எஞ்சினியர் அம்மா என்று அர்த்தம். என்னை அதுவரை ஒருத்தரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வேலையிடத்தில் சைட்டுக்குப் போனால் தேநீர் கொண்டுவந்த பெண் என்றுதான் நினைப்பார்கள்.

பிறகு என் அப்பாவும் அம்மாவும் அந்த வீட்டுக்குப் போனார்கள். ஜம்ஷித் அப்பாவுக்குக் கதிரையை இழுத்துப் போட்டு, “வாருங்கள் மொஹந்தெஸ்” என்றார். அப்பா, “நோ நோ, நான்…” என்று தொடங்கினார். கியாரஷ் குறுக்கே விழுந்து பாரசீகத்தில் ஏதோ நீளமாகச் சொன்னான். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். திரும்பி வரும்போது அது என்ன என்று அவனிடம் கேட்டேன். “சும்மா ஒரு மரியாதைப் பேச்சு. எங்கள் ஆட்கள் டாக்ஸிக்காரனையும் மொஹந்தெஸ் என்றுதான் சொல்வார்கள். பெரிதாக எடுக்காதே” என்றான். நான் பெரிதாக எடுக்கவில்லை. அவன் உண்மையிலேயே என் அப்பாவை எஞ்சினியர் ஆக்கிவிட்டான் என்பது இன்று காலை காரில்தான் எனக்கு விளங்கியது.

ஒழுங்கு இதுதான்: இன்று ஈரானிய முறை, புதன்கிழமை கவுன்சிலில் பதிவு, அடுத்த மாதம் கோயிலில் தாலி. ஃபரீபா தன் கையாலேயே எங்கள் முன்னால் இருந்த சடங்கு விரிப்பை அலங்கரித்திருந்தார். கண்ணாடி, இரண்டு பக்கமும் மெழுகுதிரி, வர்ணம் பூசிய முட்டைகள், வால்நட், ஒரு கிண்ணம் தேன், நாவூறு படாமல் இருக்க நிறம் நிறமாகக் கோலமிட்ட, சாம்பிராணி போலப் புகைக்கிற விதைகள். தெஹ்ரானிலிருந்து ஜம்ஷித்தின் தங்கை மஹீன் ஒரு டேப்லெட் திரைக்குள் இருந்தபடி எல்லாவற்றையும் மேற்பார்வை செய்துகொண்டிருந்தார்.

குடும்ப நண்பர் டொக்டர் வஃபாயி, ஓய்வுபெற்ற பல்வைத்தியர், சடங்கை நடத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் தரம் கேட்டார். பாரசீகத்தில் ஒரு தரம், எங்கள் ஆட்களுக்காக இங்கிலீஷில் ஒரு தரம். “கோசிகா, இந்தக் கியாரஷை மணக்க உங்களுக்குச் சம்மதமா?”

முதல் தரம் பெண் பதில் சொல்லக் கூடாது. அதுதான் முறை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

“மணப்பெண் பூப்பறிக்கப் போயிருக்கிறாள்!” என்று பெண்கள் கத்தினார்கள். மஹதிக்கு நிறமான நூல் கோத்த ஊசி ஒன்றைக் கொடுத்து, துணியில் தையல் போடச் சொன்னார்கள்.

“இது என்னத்துக்கு?” என்றாள் மஹதி.

“மாமியாரின் வாயைத் தைக்கிறோம்” என்று யாரோ சொன்னார்கள்.

“ஐயோ அன்ரி, நான் இல்லை, இவையள்தான் செய்யச் சொன்னவை!” என்றாள். ஃபரீபா சிரித்த சிரிப்பில் சர்க்கரைக் கூம்பு கை தவறி என் தலையில் விழுந்தது. மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அதுதான் கொடுமை. எல்லாரும் நல்லவர்களாக இருந்தார்கள்.

கண்ணாடியில் அப்பா தெரிந்தார். கியாரஷின் அலுவலகச் சிநேகிதன் ஒருவன் அவர் பக்கம் குனிந்து ஏதோ கேட்டான். அப்பாவின் உதடு “ட்ரெயினேஜ்” என்று அசைந்ததை நான் கண்ணால் கண்டேன்.

அப்போதுதான் நான் அதைக் கேட்டேன். அவன் ப்ளீஸ் என்றான்.

“பஸ்ஸில் அவரைக் கண்டாயா, காணவில்லையா?” என்று கண்ணாடியைக் கேட்டேன்.

அவன் கண் கொஞ்சம் விலகியது. “பெடியன்களோடு இருந்தேன். அவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. உன் அப்பாவே ஒன்றும் சொல்லவில்லையே?”

டொக்டர் வஃபாயி இரண்டாம் தரம் கேட்டார். நான் பேசவில்லை. “மணப்பெண் பன்னீர் கொண்டுவரப் போயிருக்கிறாள்!” என்று மறுபடி கத்தினார்கள். அம்மா முன் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை அவர்களுடைய முறையை எவ்வளவு வடிவாகப் பழகிவிட்டாள் என்ற பெருமை. முறைக்காக வாயை மூடியிருக்கிறேனா, உண்மையாகவே மூடியிருக்கிறேனா என்று அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் பிரித்துப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. மாப்பிள்ளையை ஒரே தரம்தான் கேட்பார்கள். அவன் உடனே ‘பலே’ சொல்லிவிடலாம்; ஆம் என்று அர்த்தம். பூவும் இல்லை, பன்னீரும் இல்லை.

டேப்லெட்டுக்குள்ளிருந்து மஹீன் அத்தை கூவினார்: “ஸீர்லஃப்ஸி! ஸீர்லஃப்ஸி!”

மூன்றாம் தரம் பெண் வாயைத் திறக்க வேண்டுமென்றால் மாப்பிள்ளை வீட்டார் அவளுக்கு ஒரு பரிசு கொடுக்க வேண்டும். அதற்குத்தான் அந்தப் பெயர். ஃபரீபா ஒரு நீலப் பெட்டியைத் திறந்து நீட்டினார். உள்ளே மெல்லிய தங்க வளையல். அவருடைய தாயின் வளையல் என்று எனக்குத் தெரியும்.

“அன்பான ஃபரீபா ஜான், இது வேண்டாம்” என்றேன். “நான் வேறொன்று கேட்கலாமா?”

விசில் பறந்தது. “கேள், கேள்! விடாதே!” பெண் அடம்பிடித்தால் அவர்களுக்குக் கொண்டாட்டம்.

“கியாரஷ் ஒரு வசனம் சொல்ல வேண்டும். என் அப்பாவைப் பற்றி. உண்மையாக.”

இன்னும் விசில். கியாரஷ் எழும்பினான். அவன் பேச்சில் கெட்டிக்காரன். நெஞ்சில் கை வைத்து அப்பாவின் பக்கம் குனிந்தான். முதலில் பாரசீகத்தில், பிறகு இங்கிலீஷில். “மதிப்புக்குரிய மொஹந்தெஸ் நித்தியானந்தன் அவர்களே, உங்கள் நிழல் எங்கள் தலைமேல் என்றைக்கும் இருக்க வேண்டும். உங்கள் வீட்டு ஒளியை எங்கள் வீட்டுக்குத் தந்தீர்கள். நான் உங்கள் காலடி மண்.”

மண்டபம் எழும்பிக் கைதட்டியது. அப்பா தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதில்லை” என்றேன். “நான் கேட்டது உனக்குத் தெரியும்.”

அவன் உட்கார்ந்து, பல்லுக்குள் சொன்னான்: “தெஹ்ரான் பார்க்கிறது, கோசி. இன்றைக்கு ஒரு நாள். நாளைக்கு யாரிடம் வேண்டுமானாலும் சொல்கிறேன்.”

நாளைக்கு. அந்தச் சொல்லைக் கேட்டதும் எழும்பி நின்றுவிட்டேன். துணி என் தலையில் மாட்டிக்கொண்டது. மஹதி இழுத்து விலக்கினாள். என்னிடம் கொஞ்சம் பாரசீகம் இருந்தது. ஒரு வருஷமாகப் போனில் பாடம் பாடமாகப் பழகியது. எந்த மொழியானாலும் முதல் பாடத்தில் தொழில்கள்தான் வரும்.

“பெதரம் ரானந்தே-யே ஒதோபூஸ் அஸ்த்” என்றேன். என் அப்பா பஸ் டிரைவர்.

அம்மாவுக்கு மொழி விளங்கவில்லை; ஆனால் ‘ஒதோபூஸ்’ விளங்கிவிட்டது. “அழிச்சுப்போட்டாள்” என்று தலையில் கை வைத்தார்.

டேப்லெட் பேசியது. “எந்த நம்பர்?” என்றார் மஹீன் அத்தை. “நான் லண்டன் வந்தபோது கிங்ஸ்டனுக்கு ஒரு பஸ்ஸில் போனேன். அந்த டிரைவர் நல்ல மனுஷன்.”

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வெடித்தது. பிறகு எல்லா இடத்திலிருந்தும். ஜம்ஷித் மேசைகளைச் சுற்றிக்கொண்டு அப்பாவிடம் வந்தார்.

“நீங்கள் எஞ்சினியர் இல்லையா?”

“நோ சேர்” என்றார் அப்பா. “பஸ். சொறி சேர்.”

“எதற்கு சொறி? நான் என் முடி வெட்டுகிறவரையும் மொஹந்தெஸ் என்றுதான் கூப்பிடுவேன். நீங்கள் டிசைன் ஆபீஸில் இருந்தவர் என்று இவனல்லவா சொன்னான்! ட்ரெயினேஜைப் பற்றி எப்போது கேட்டாலும் நீங்கள் பேச்சை மாற்றுவீர்கள், பெரிய ஆள், தலைக்கனம் என்று நினைத்தேன்.” அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்துக் கதிரையில் விழுந்தார். “இந்த ஊருக்கு வந்த புதிதில் நான் மினிகேப் டாக்ஸி ஓட்டினேன், ஐயா. யஸ்தில் அணைக்கட்டு கட்டுவது, இங்கே விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றுவது. கியாரஷ் உங்களுக்குச் சொல்லவில்லையா?”

சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை. தன் தகப்பன் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்தே எஞ்சினியரிங் ஆலோசகராக இருக்கிறார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தான். என் அப்பாவைக் காணுமுன்னரே இவன் வெட்கப்படத் தொடங்கியிருக்கிறான்.

“சேர், மினிகேப் எண்டால் அப்ப ஜிபிஎஸ் இல்லையே?” என்று அப்பா கேட்டது காதில் விழுந்தது.

“புத்தகம்! மடியில் வரைபடப் புத்தகம்! ஒரு கையில் ஸ்டியரிங்!”

“ஐயோ சேர், அந்த ஹேங்கர் லேன் ரவுண்டபவுட்…”

“அதைப் பற்றிப் பேசாதீர்கள்!”

அப்பாவின் தோள் இறங்கியது. அந்த மண்டபத்துக்குள் வந்ததிலிருந்து அவர் மூச்சு விட்டதை அப்போதுதான் பார்த்தேன். இதற்காகவா இவ்வளவு பாடு? ஒரு வசனம். வீடு இடியவில்லை. தெஹ்ரான் கோபிக்கவில்லை. ஃபரீபா என் கன்னத்தைத் தட்டி, என்னைத் திரும்ப உட்காரவைத்து, “பைத்தியக்காரி, இதை முதலே சொல்லியிருக்கலாமே” என்றார். அம்மாகூட, யாரும் தன்னைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை என்று சுற்றிப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு, ஒரு பாதாம் இனிப்பை வாயில் போட்டார்.

அப்போது கியாரஷ் எழும்பினான். மண்டபம் சிரிக்கிறது, தகப்பன் சிரிக்கிறார், தெஹ்ரான் சிரிக்கிறது என்று பார்த்துவிட்டு எழும்பினான். கையை அகல விரித்தான்.

“ஆமாம்! என் மாமா பஸ் டிரைவர்! லண்டனிலேயே முதல்தரமான பஸ் டிரைவர்!”

கைதட்டல். அலுவலகச் சிநேகிதர்கள் மேசையில் தட்டினார்கள். அவன் உட்கார்ந்து கண்ணாடியில் எனக்குக் கண்ணடித்தான். “சரியா? நீ கேட்டதைச் சொல்லிவிட்டேன்.”

சொல்லித்தான் விட்டான். நான் கேட்டதைவிடக் கூடவும் சொன்னான். ஆனால் வீதியில் ஒரு குழி இருக்கிறதா என்று நான் இறங்கி மிதித்துப் பார்த்து, இல்லை என்று கண்ட பிறகு அவன் வந்து அதன்மேல் ஆடுகிறான். இனி ஒவ்வொரு அறைக்குள்ளும் இதுதான் நடக்கும். நான் முதலில் போக வேண்டும். மண் கெட்டியா என்று பார்க்க வேண்டும். எனக்குப் பிள்ளை பிறந்தால் அதையும் யாருக்கு எந்தப் பெயரில் அறிமுகப்படுத்தலாம் என்று அவன் சுற்றிப் பார்த்துத்தான் சொல்வான். மண் பரிசோதனையும் என் வேலைதான். சம்பளத்துக்குச் செய்வேன். வீட்டில் செய்யமாட்டேன்.

இதை நினைத்தபோது அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பரீட்சை முடிந்து பேனாவை மூடும்போது வருமே, கை வலியோடு ஒரு லேசு, அதுதான் வந்தது.

டொக்டர் வஃபாயி மூன்றாம் தரம் கேட்டார். மண்டபம் முழுக்க முன்னால் சாய்ந்தது.

“நா” என்றேன். இல்லை.

முதலில் சிரித்தார்கள். “இன்னுமொரு பரிசு வேண்டுமாம்!” என்று யாரோ கத்தினார்கள். நான் ஃபரீபாவிடம் போய் அவருடைய இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டேன். “உங்களில் பிழை இல்லை. என்னை மன்னியுங்கள்” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. வளையல் பெட்டியை மெதுவாக மூடினார்.

கியாரஷ் என் கையைப் பிடித்தான். “நீ கேட்டதைத்தானே சொன்னேன்!”

“ஓம். எல்லாரும் சிரித்த பிறகு சொன்னாய்.”

“அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?”

அவன் உண்மையாகவே கேட்டான். அவனுக்குத் தெரியவில்லை. அதனால் கோபம்கூட வரவில்லை. கையை எடுத்துக்கொண்டேன்.

“எடியே, எங்கை போறாய்?” அம்மா எழும்பி நின்றார்.

“வீட்டை.”

“உனக்கென்ன விசரே? அவன்தான் சொல்லிப்போட்டானே!”

அப்பா ஜம்ஷித்தின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். ஜம்ஷித் அவருடைய தோளைத் தட்டினார். பிறகு அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார்.

“இஞ்சேரப்பா, கைப்பையை எடும். பிள்ளை வெளிக்கிட்டிட்டாள்.”

“நீங்களும் அவளோடை சேர்ந்து ஆடுறியளோ?”

“நான்தானே காரோட்ட வேணும்.”

மஹதி என் கவுனின் பின்பக்கத்தை அள்ளித் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள். “அக்கா, கொஞ்சம் மெதுவா. பின்னாலை எல்லாரும் வீடியோ எடுக்கினம்.”

“எடுக்கட்டும்” என்று கதவைத் தள்ளினேன்.